அடுத்த வீட்டில் ஒரு துயரம்

நற்செய்தி அறிவிப்பது குருக்களின் பணி, கன்னியரின் பணி, உபதேசியாரின் பணி என்று எண்ணி ஒதுங்கி நிற்பது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. ஞாயிறு திருப்பலிக்குச் செல்கின்றோம். மாலையில் செபமாலை சொல்கின்றோம். அத்துடன் கடமை முடிந்தது என அமைதி கொள்கின்றோம். ஆயினும் நம் மண்ணின் வரலாற்றைச் சற்றே நோக்குவோமாயின், விசுவாசம் ஓர் உள்ளத்தினின்று மற்றோர் உள்ளத்திற்குச் செல்ல நட்பே பாலமாக இருந்திருப்பதைக் காண்போம்.

நட்டாலத்தில் 1712ஆம் ஆண்டு பிறந்த நீலகண்டப் பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரசுப் பணியாளர். 1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், பின்னர் அம்மன்னரின் படைக்கே பயிற்சி அளிப்பவரானார். பணியின் பொருட்டு இருவரும் பழகினர். குடும்பத்திற்கு அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் நீலகண்டர் வாடியிருந்தார். நண்பரின் முகவாட்டத்தைக் கண்ட டிலனாய் அதன் காரணத்தைக் கேட்டறிந்து, யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார் என்பர். நீலகண்டர் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர் வழியே அவருடைய மனைவி பார்கவியும் விசுவாசத்தைப் பெற்று ஞானப்பூ ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்ட அவரை, 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

டிலனாய் குருவல்லர், பிரசங்க மேடை ஏறியவருமல்லர். முதலில் நண்பரின் துயரத்தைக் கேட்டார். பின்னரே தம் விசுவாசத்தைச் சொன்னார். இந்த வரிசை முறையே நாம் கற்க வேண்டிய பாடம்.

எங்கள் கைலாசபுரத்தில் இப்பாடம் நாள்தோறும் தேவைப்படுகின்றது. பாய்லர் தொழிற்சாலையை ஒட்டி எழுந்த இக்குடியிருப்பில் பல மொழியினரும் பல சமயத்தினரும் கலந்து வாழ்கின்றோம். ஒரே ஷிப்டில் உழைக்கின்றோம். ஒரே சுவரின் இருபுறமும் உறங்குகின்றோம்.

என் பிரிவில் பணிபுரிந்த இந்து நண்பர் ஒருவர் எங்கள் மேல்மாடியில் குடியிருந்தார். அவருடைய இளைய மகன் காய்ச்சலில் இறந்தான். அடுப்பு எரியாத அவ்வீட்டிற்கு என் மனைவி சமைத்து எடுத்துச் சென்றாள்; அந்த அம்மையாரின் அருகில் மௌனமாக அமர்ந்திருந்தாள். சமயம் பற்றி நாங்கள் ஒரு சொல்லும் பேசவில்லை.

மூன்று மாதங்கள் சென்றன. ஓர் இரவு, பணி முடிந்து திரும்பும் வழியில் அவர் சைக்கிளை நிறுத்தி, “சார், உங்கள் மாதாவும் மகனைப் பறிகொடுத்தவர்தாமே! அந்த அம்மா அதை எப்படித் தாங்கினார்கள்?” என்று கேட்டார்.

ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்த விடை எதுவும் அப்பொழுது என் நாவில் எழவில்லை. மாதா சிலுவையடியை விட்டு அகலாமல் நின்றதைச் சொன்னேன். “ஆண்டவர் நம் துன்பத்தைத் தொலைவில் நின்று பார்ப்பவரல்லர், அதனுள் இறங்கி வந்தவர். அந்த நம்பிக்கையில்தான் நாங்கள் வாழ்கிறோம்” என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம்.

அவர் இன்றும் தம் சமயத்திலேயே இருக்கின்றார். ஆயினும் மகனின் நினைவு நாளில் கணவனும் மனைவியும் எங்கள் குடும்ப செபத்தில் வந்து அமர்வதுண்டு. அதன் பலன் யாது என்று கணக்கிடுவது எங்கள் வேலையன்று. விதைப்பவன் ஒருவன், விளையச் செய்பவர் இறைவன்.

திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1975இல் நற்செய்தி அறிவிப்பைக் குறித்து வெளியிட்ட மடலில், சொல்லின்றி வாழும் சாட்சியமே முதற்படி என்கின்றார். ஆனால் அதன் பொருளை எடுத்துரைக்கும் சொல்லும் வேண்டும் என்கின்றார். உதவியைத் தூண்டிலாக்குவது அன்பாகாது. அயலார் மனம் திறந்து கேட்கும்பொழுது, மரியாதை என்ற பெயரில் வாய் மூடி நிற்பதும் அன்பாகாது.

அன்பார்ந்த குடும்பங்களே, உங்கள் தெருவில் இன்று எவ்வீட்டில் துயரம் தங்கியிருக்கின்றது? அவ்வீட்டின் கதவைத் தட்டுங்கள், முதலில் கேளுங்கள். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லைத் தூய ஆவியானவர் தருவார்.