ஆட்டம்

1997 ஆடியில் நாகர்கோவிலிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தோம். பணகுடிக்குச் சற்று முன்னால், அப்பா ஓட்டிக்கொண்டிருந்த கார் தன்னிஷ்டத்துக்கு வலப்பக்கம் நகர்ந்து, எதிரே வந்த லாரியின் பாதையில் கொஞ்சம் ஏறிவிட்டது. லாரிக்காரன் ஒதுங்கிப் போனான். ஒன்றும் நடக்கவில்லை. பின்னிருக்கையில் அம்மா, தோவாளையில் வாங்கிய பிச்சிப்பூப் பொட்டலத்தை நழுவ விட்டாள். 'காத்து' என்றார் அப்பா.

காற்று இருந்தது உண்மை. ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது காற்றை அல்ல, அவருடைய கைகளை. அப்போது அவருக்கு 67 வயது. காபி டம்ளரை எடுக்கும்போது விரல்களில் ஒரு மெல்லிய நடுக்கம் வந்திருந்தது. நேரான சாலையிலும் அவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக, இரண்டு அங்குலம் போல, ஓயாமல் அசைத்துக்கொண்டே இருந்தார், மாவு சலிக்கிற மாதிரி. எனக்கு வேறு சாட்சியம் தேவைப்படவில்லை.

வீடு திரும்பியதும் சாவியை நான் வைத்துக்கொண்டேன். அவர் கேட்கவில்லை. நியாயம் என் பக்கம் இருந்ததால் எனக்கும் பேச வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. முறைக்காக ஒருநாள் நானே காரை எடுத்து டவுனுக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. முப்பது கிலோமீட்டர் வேகத்தில், காற்றில்லாத தெருக்களில் ஓட்டிப் பார்த்தேன் என்பதை அன்று நான் யோசிக்கவில்லை. போதாததற்கு, அதற்கு முந்தைய வருஷம்தான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்டீயரிங்கை 'டைட்' செய்து வாங்கியிருந்தோம்.

அந்த 'டைட்' பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுடையது 1981 பத்மினி, அப்பா 1987இல் செகண்ட் ஹாண்டாக வாங்கியது. அம்பாசடரில் இருப்பது பல்வரிசைத் தண்டை நேராக நகர்த்துகிற அமைப்பு. பத்மினியில் அப்படியில்லை. ஸ்டீயரிங் தண்டின் கீழ்முனையில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு திருகு, திருகின் பள்ளத்தில் பதிந்து நகரும் ஓர் உருளை. பெட்டியின் மேல் ஒரு ஸ்க்ரூ உண்டு. அதை முறுக்கினால் உருளை இன்னும் ஆழமாகப் பதியும், ஆட்டம் குறையும். ஆனால் திருகு எல்லா இடத்திலும் ஒரேபோல் தேய்வதில்லை. கார் பெரும்பாலும் நேராகத்தான் போகிறது என்பதால் நடுவில்தான் தேய்மானம் அதிகம். ஓரங்கள் புதிதாகவே இருக்கின்றன. நடுவில் உள்ள ஆட்டத்தைப் போக்க முறுக்கினால் ஓரங்களில் இறுகிக்கொள்ளும்; திருப்பத்தில் வளைத்த சக்கரம் தானாக நேருக்குத் திரும்பி வராது. அப்பா இதைத்தான் 'முன்ன மாதிரி திரும்பி வரமாட்டேங்குது' என்று இரண்டு தடவை சொன்னார். வயசானவர்கள் எல்லாவற்றையும் பற்றி அப்படித்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். குறை தெரிகிற இடத்தையே திருகுவது நம்மவர்களுக்கு எளிதாக இருக்கிறது. கவிதை விமர்சனத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன், செய்தும் இருக்கிறேன்.

1999இல் காரை விற்றுவிடலாம் என்று முடிவாயிற்று. விற்பதற்கு முன் பார்த்துத் தர ஒரு அண்ணாச்சி வீட்டுக்கே வந்தார். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தார். அசைவில்லை; பேரிங்கும் கிங்பின்னும் சரி. பிறகு இரண்டு பக்கங்களிலும் பிடித்து அசைத்தார். 'டொக்' என்றது. சக்கரத்தை மறுபடி தரையில் இறக்கிவிட்டு, என்னை உள்ளே உட்காரச் சொல்லி அவர் கீழே படுத்துக்கொண்டார்.

'தம்பி, லேசா ஆட்டுங்க. சக்கரம் திரும்பக் கூடாது, ஆட்டம் மட்டும்.'

நான் அசைத்தேன். இரண்டு அங்குலம் இடமும் வலமும். அப்பா செய்துகொண்டிருந்த அதே அசைவு என்பது என் கைகளுக்குத்தான் முதலில் தெரிந்தது. அண்ணாச்சி ஒவ்வொரு மூட்டாகக் கையால் பொத்திப் பார்த்துக்கொண்டு போனார். எதற்குள் ஓசை பிறக்கிறது என்பதைக் காதைவிட உள்ளங்கை நன்றாகச் சொல்லும் என்றார்.

'பெட்டியில பெருசா ஒண்ணுமில்ல. ஐட்லர் புஷ் போயிருக்கு. ஒரு டை ராட் எண்டும்.'

பெட்டி இருப்பது வலப்பக்கம். நடுத்தண்டின் மறுமுனையை இடப்பக்கத்தில் சும்மா தாங்கிக்கொண்டிருக்கிற கைதான் ஐட்லர். அதன் புஷ் தேய்ந்தால் தண்டு துள்ளும். நம் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால் கார் எப்போதும் இடப்பக்கம் இழுக்கும். ஓட்டுகிறவர் சற்றே வலமாகப் பிடித்திருப்பார். ஆட்டம் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடக்கும். காவல்கிணறு தாண்டிச் சாலை வடக்கே திரும்பியதும் மேல்காற்று இடப்பக்கத்திலிருந்து அடிக்கிறது. அப்போது அந்த ஆட்டம் மொத்தமும் மறுபக்கம் பாய்கிறது. காற்று என்று அப்பா சொன்னது பொய்யில்லை.

அண்ணாச்சி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். 'இத வச்சுக்கிட்டு யாரு ஓட்டுனா?'

'அப்பா.'

'நல்ல கை' என்றார்.

அப்பா திண்ணையில் பேப்பரைப் பிரித்து வைத்திருந்தார். கேட்டதா என்று தெரியவில்லை. புஷ்ஷையும் எண்டையும் மாற்றி, பெட்டியின் ஸ்க்ரூவை ஒரு சுற்றுப்போல் இளக்கி, அலைன்மென்ட்டும் பார்த்து வாங்கியாயிற்று. இரவு சாப்பிடும்போது சொன்னேன். 'காத்தும் இருந்துது' என்றார். மன்னிப்புக் கேட்பதற்கு எங்கள் வீட்டில் சொற்கள் வழக்கத்தில் இல்லை. சாவியை அவருடைய மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அவர் என்னை எழுப்பினார். பார்வதிபுரம் தாண்டி ரோடு காலியாகக் கிடந்தது. இலை அசையவில்லை. அவர் மூன்றாவது கியருக்கு மாற்றினார். கார் நெளிய ஆரம்பித்தது. அவருடைய கைகள் பழையபடியே இரண்டு அங்குலம் இடமும் வலமும் கொடுத்துக்கொண்டிருந்தன. இப்போது கொடுத்ததெல்லாம் சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நிறுத்த முயன்றார். நிற்கவில்லை. ஒருமுறை கைகளைக் குனிந்து பார்த்தார், வேறு யாருடையவையோ போல. பிறகு ஓரமாக நிறுத்தினார்.

'நாலு நாள் ஓட்டினா பழகிடும்ப்பா' என்றேன்.

அதற்குள் இறங்கிவிட்டிருந்தார். காரின் முன்பக்கமாகச் சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.