செங்குன்றத்துப் பறக்கும் படகுகள்

மாத்தூர்வாசிகளுக்கு ஆகாய விமானம் என்றால் மீனம்பாக்கந்தான் நினைவுக்கு வரும். "நம் பக்கத்திலும் விமானம் இறங்கியதடா! சிறு வயதில் கண்ணால் கண்டேன்" என்று என் தகப்பனார் சொல்லும்போதெல்லாம் நகைத்திருக்கிறேன். அவர் காலமான பிறகு அந்த நகைப்பு நெஞ்சை உறுத்திற்று. ஒரு ஞாயிறன்று புறப்பட்டேன்.

மாதவரம் தாண்டிக் கல்கத்தா சாலையில் சென்றால் புழல் ஏரி. செங்குன்றம் ஏரி என்றும் சொல்வர். சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் ஏரிதான். 1942-ஆம் வருஷம், யுத்த பீதியில் பட்டணத்தார் மூட்டை முடிச்சுடன் வெளியூர்களுக்கு ஓடிய அதே வருஷத்தில், பிரிட்டிஷ் விமானப் படையின் 240-ஆவது பிரிவு 'காடலினா' என்னும் பறக்கும் படகுகளுடன் இங்கே வந்து சேர்ந்தது. அவற்றுக்குத் தரையே வேண்டாம். விமானத்தின் அடிவயிறே படகு. நீரைக் கிழித்துக்கொண்டு கிளம்பி, பதினைந்து மணி நேரங்கூட இறங்காமல் வங்காள விரிகுடாவைச் சுற்றிக் காவல் காக்கவல்லவை. கரையில் நின்று பார்த்த சிறுவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

சக்கர விமானங்களுக்கு அடுத்துள்ள சோழவரத்தில் ஓடுபாதை அமைத்தார்கள். யுத்தத்திற்குப் பின், 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் அதில் பந்தயக் கார்களை விரட்டினர். விமானம் ஓடிய இடத்தில் கார்கள் பறந்தன! 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை ஏற்பட்டபின் அந்த இரைச்சலும் ஓய்ந்தது.

சோழவரத்தில் ஒரு பெட்டிக்கடைக்காரரை விசாரித்தேன்.

"ரேஸ் நடந்த இடமா, ஐயா?"

"அதற்கும் முன்னால் விமானம் இறங்கிய இடம்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து நகைத்தார்.