ஆறு அங்குலம்

மேஜிக் செய்பவர்கள் காந்தத்தை மோதிரத்துக்குள், சட்டைக் கை மடிப்பில், பேண்ட்டுக்குள் முழங்காலுக்கு மேல் ஒளித்துவைப்பார்கள். மேசைக்கு அடியில் முழங்கால் வந்தால் மேலே இருக்கும் திசைகாட்டியின் முள் திரும்பும். நம்ம ஊர் ஒரு ரூபாய் நாணயம் எஃகு என்பதால் அதுவும் காந்தத்தில் ஒட்டும்.

1980களில் நியோடிமியம் காந்தம் வந்தபிறகு ஒளிப்பது சுலபம். மிளகு அளவே போதும். சிக்கல் தூரத்தில் இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் காந்தப்புலம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால் உடம்பு நெருங்கியே ஆகணும். நெருங்க ஒரு காரணமும் வேணும்: தண்ணீர் டம்ளரை எடுக்கிற மாதிரி, ரகசியம் சொல்லக் குனிகிற மாதிரி. உண்மையில் மறைக்க வேண்டியது அந்த அசைவைத்தான்.

அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்தபிறகு வீட்டில் இந்தக் கணக்கு தலைகீழானது. வலுவான காந்தம் கிட்டே வந்தால், பெரும்பாலான பேஸ்மேக்கர்கள் இதயத்தைக் கவனிப்பதை விட்டுவிட்டு ஒரே வேகத்தில் துடிப்பு கொடுக்கத் தொடங்கும். ஆறு அங்குலமாவது தள்ளி இருக்கணும் என்பார்கள். மோதிரம் ஆபீஸ் பையிலேயே கிடந்தது.

"அந்த முள்ளு வித்தையைக் காட்டேன்டா" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். காரணத்தைச் சொன்னால் ரகசியம் போய்விடும். சொல்லாவிட்டால் வேறு யாரிடமாவது கேட்பார். அவர்கள் கையில் என்ன இருக்குமோ.

போன ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன்.

"இவ்வளவுதானா?" முகம் கொஞ்சம் வாடியது. பிறகு கேட்டார்: "இப்ப கையில இல்லையே? அப்போ ஏன்டா அவ்வளவு தள்ளி உக்காந்திருக்க?"