அத்தாவின் கணக்கும் ஆண்டுக் கணக்கும்



என் அத்தா வஃபாத்தான அன்று, ஜனாஸாத் தொழுகைக்கு வரிசைகள் நின்றபின், மூத்த மகன் என்ற முறையில் முன்னே வந்து வழக்கமான அறிவிப்பைச் செய்தேன்: "என் அத்தா யாருக்கேனும் கடன் தர வேண்டியிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், அதற்கு நான் பொறுப்பு." எத்தனையோ ஜனாஸாக்களில் கேட்ட சொற்கள்தாம். ஆனால் சொல்லி முடித்த பிறகுதான், எவ்வளவுக்குப் பொறுப்பேற்றிருக்கிறேன் என்பது எனக்கே தெரியாது என்று உறைத்தது.

அத்தா நேமத்தான்பட்டியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மளிகைக் கடை நடத்தியவர். நாணயமானவர், எடையில் குறை வைக்காதவர். ஆனால் கணக்கு முழுவதும் அவர் மனத்தில் இருந்தது. கடன் சிட்டை ஒன்று உண்டு. அதில் பல இடங்களில் பெயர் இருக்கும், தொகை இராது; தொகை இருக்கும், தேதி இராது. கொள்முதல் ரசீதுகளைக் கம்பியில் குத்தி வைத்திருந்தார். அவற்றில் பாதி வெளிறிப்போய் வெறுந்தாளாகியிருந்தன.

சில நாள்களில் இருவர் வந்தார்கள். ஒருவர் அரிசி மொத்த வியாபாரி. தம் பேரேட்டைத் திறந்து, தேதி வாரியாகப் பாக்கியைக் காட்டினார். அன்றே ஒப்புக்கொண்டோம். மற்றவர் அத்தாவின் பழைய நண்பர். 15,000 ரூபாய் கைமாற்றாகக் கொடுத்ததாகச் சொன்னார். அவரிடமும் தாள் இல்லை, எங்களிடமும் இல்லை. சாட்சியும் இல்லை. அவர் பொய் சொல்பவர் என்று எண்ண மனம் வரவில்லை. அதே வேளையில், ஆதாரமற்ற ஒன்றுக்காக அம்மாவின் பங்கிலும் தங்கையின் பங்கிலும் கை வைக்க எங்களுக்கு உரிமையும் இல்லை. இறுதியில் நானும் தம்பியும் எங்கள் சொந்தப் பங்கிலிருந்து அதைக் கொடுத்தோம். அத்தாவுக்குக் கடன்பட்டிருந்தவர்களில் தாமாக வந்து சொன்னவர் ஒருவரும் இல்லை. அதுவும் வாரிசுகளுக்கு உரிய பணமே.

எங்கள் ஊர் நகரத்தார் ஊர். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் சென்று தொழில் நடத்தியவர்களின் ஊர். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன், அடுத்தாளாகி, மேலாளாக உயர்வதற்குள் கணக்கெழுதுவதில் தேர்ந்துவிடுவான். அன்றாட வரவு செலவைக் குறிப்பில் பதிந்து, பேரேட்டுக்கு மாற்றி, ஐந்தொகை எடுத்து ஊரிலிருக்கும் முதலாளிக்கு அனுப்புவார்கள். அவர்கள் செய்த வட்டித் தொழில் நமக்கு ஆகுமானதன்று. ஆனால் கடல் கடந்து கிடந்த ஒவ்வொரு காசும் எங்கே இருக்கிறது என்பதை வீட்டு முகப்பில் அமர்ந்தவாறே அறிந்துகொள்ளும் ஒழுங்கு அவர்களிடம் இருந்தது. அதே ஊரில், எதிரே இருக்கும் கல்லாப்பெட்டியின் கணக்கு எங்களுக்குத் தெரியவில்லை.

இதில் எனக்கு ஏற்பட்ட வெட்கம் பெரிது. திருக்குர்ஆனிலேயே நீண்ட வசனம் அல்பகராவின் 282ஆம் வசனம். தவணைக் கடனை எழுதிக்கொள்ளச் சொல்கிறது. எழுதுபவர் நீதியுடன் எழுத வேண்டும், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், சாட்சிகள் வேண்டும் என்கிறது. தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சோம்பக் கூடாது என்கிறது. அந்த வசனத்தைப் பல ஆண்டுகள் மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்தவன் நான். அத்தாவின் சிட்டையை ஒருநாளும் விரித்துப் பார்க்கவில்லை.

ஸுபைர் (ரலி) அவர்களின் செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. ஜமல் போர் நாளில் தம் மகன் அப்துல்லாஹ்விடம் கடன்களை அடைக்கும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு அவர்கள் ஷஹீதானார்கள். கணக்கிட்டபோது கடன் 22 இலட்சமாக இருந்தது. சொத்துகளை விற்று அதை அடைத்த பின்னரும் அப்துல்லாஹ் (ரலி) உடனே பாகம் பிரிக்கவில்லை. நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில், தம் தந்தை கடன் தர வேண்டியவர் எவரேனும் இருந்தால் வரலாம் என்று அறிவித்த பிறகே பிரித்தார்கள். நானோ ஒரே ஒருமுறை அறிவித்துவிட்டுக் கடமை முடிந்தது என்று எண்ணியிருந்தேன்.

கடையைத் தம்பி ஏற்றான். அவ்வாண்டு வருமான வரிக் கணக்குக்காக ஆடிட்டரிடம் போனபோது அடுத்த பாடம் கிடைத்தது. வங்கிக் கணக்கில் வந்த தொகைகளை ஒவ்வொன்றாகச் சுட்டி, "இது விற்பனையா, வேறு வரவா?" என்று கேட்டார். வாடிக்கையாளர்கள் கைபேசியில் செலுத்திய பணமும், வெளிநாட்டிலிருந்து மச்சான் வீட்டுச் செலவுக்கு அனுப்பிய பணமும், திரும்பி வந்த கைமாற்றும் ஒரே கணக்கில் கலந்திருந்தன. விளக்கம் காட்ட முடியாத தொகை விற்பனையாகவே பார்க்கப்படக்கூடும் என்றார் அவர். தம்பியால் பாதிக்குத்தான் விடை சொல்ல முடிந்தது.

சிறு வணிகருக்குச் சட்டம் ஒரு சலுகை தருகிறது. ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய்க்கு உட்பட்டவர், விற்பனையில் குறைந்தது 8 விழுக்காட்டை, வங்கி வழியாகவும் மின்னணு வழியாகவும் வந்த தொகைக்கு 6 விழுக்காட்டை, இலாபமாகக் காட்டி வரி செலுத்தலாம். விரிவான கணக்குப் புத்தகம் கேட்கப்படுவதில்லை. "அப்படியானால் கணக்கு எதற்கு?" என்று பலர் கேட்கிறார்கள். முதலாவது, மொத்த விற்பனை எவ்வளவு என்பதையாவது உண்மையாகச் சொல்ல வேண்டும். அதற்கே அன்றாடப் பதிவு வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் ஆண்டு அறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் ஆவணங்களைப் பாதுகாக்க வேண்டும். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனாக ரொக்கத்தில் வாங்கக் கூடாது; மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். நம்மிடையே அழகிய கடன் கொடுப்போரும் வாங்குவோரும் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

இரண்டாவதுதான் நமக்கு முதன்மையானது. அந்தச் சலுகை அரசு தனக்குரிய பங்கில் தருவது. ஏழைகளின் பங்கான ஜகாத்துக்கும், மனிதர்களுக்குத் தர வேண்டிய கடனுக்கும் அது பொருந்தாது. கையிருப்புச் சரக்கின் அன்றைய மதிப்பு, ரொக்கம், வர வேண்டிய பாக்கி ஆகியவற்றை அறியாமல் வியாபாரப் பொருளின் ஜகாத்தை, நாற்பதில் ஒரு பங்கை, எப்படிக் கொடுப்பது? அத்தா ஒவ்வொரு ரமழானிலும் குத்துமதிப்பாகக் கொடுத்தார். கூடுதலாகவே கொடுத்திருப்பார் என்று நம்புகிறேன். நம்பிக்கைக்கு மேல் என்னிடம் ஒன்றுமில்லை. வரி கட்டியது ஜகாத் ஆகாது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன்.

இப்போது எங்கள் கடையில் உள்ள ஒழுங்கு எளியது. கடைக்குத் தனி வங்கிக் கணக்கு. வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுத்தால், அது பத்து ரூபாயானாலும் ‘சொந்த எடுப்பு’ என்று எழுத வேண்டும். ஒரு நாள்வழி; பெயர், தேதி, தொகையுடன் ஒரு கடன் பேரேடு; மாதத்துக்கு ஓர் உறையில் ரசீதுகள். வெளிறக்கூடிய ரசீதுகளைக் கைபேசியில் படமெடுத்துவிடுகிறோம். வியாழன் இரவு இஷாவுக்குப் பின் நானும் தம்பியும் அரைமணி நேரம் அமர்ந்து சரிபார்க்கிறோம். ஆண்டுக்கு இருமுறை சரக்கை எண்ணுகிறோம்: வரிக்காக மார்ச் 31, ஜகாத்துக்காக ரமழான் முதல் பிறை. ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஏப்ரல்–மார்ச் ஆண்டையே ஜகாத்துக்கும் கொண்டு அதே விகிதத்தில் கொடுப்பவருக்கு, முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குள் ஓராண்டு ஜகாத் விடுபட்டுப் போகும்.

அதிகாரிக்கு ஒரு நோட்டு, நமக்கு ஒரு நோட்டு என்று இரண்டு வைப்போரும் உண்டு. அந்த வழக்கத்தை விட்டுவிட வேண்டும் சகோதரர்களே. நம் பிள்ளைகள் எந்த நோட்டைப் பார்த்து வளர்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

சென்ற ரமழானில் தம்பி பேரேட்டின் முதல் பக்கத்தில் தான் தர வேண்டிய கடன்களை எழுதி, என்னிடமும் தன் மனைவியிடமும் காட்டினான். அத்தாவின் நண்பருக்குக் கொடுத்த 15,000 ரூபாயும் அதன் கீழே குறிக்கப்பட்டிருந்தது, ‘தீர்ந்தது’ என்று. அதுவே முழுக் கடனா என்பதை அல்லாஹ் அறிவான்.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோர் மீது எஞ்சியுள்ள கடன்களை அடைக்க எங்களுக்கு வழிகாட்டுவாயாக. எழுதச் சோம்பாத கைகளையும் இலேசான விசாரணையையும் எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.