பின்பட்டையின் வளைவு

பழைய காரின் பின்பக்கம் ஒரே நாளில் இறங்கிவிடுவதில்லை. வருஷத்துக்கு ஒரு நூல், அரை நூல் என்று இறங்குகிறது. ஓட்டுகிறவரின் கண்ணும் அதோடு சேர்ந்து பழகிவிடுகிறது. எங்கள் வீட்டு மார்க் 4 அம்பாசிடரும் அப்படித்தான் இறங்கியது. பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் இரவில் விளக்கு வெளிச்சம் சாலையை விட்டுப் புளியமரக் கிளைகளில் ஏறும். வேகத்தடையில் சைலன்சர் உரசும். சின்னப் பள்ளத்தில் விழுந்தாலும் ஆக்சில் மேலே போய் ரப்பர் கட்டையில் இடிக்கும் சத்தம் முதுகில் தெரியும். வண்டிக்கு வயதாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தோம். தங்கை கல்யாணத்தில் அதே வண்டியைப் பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்று கிடைத்த பிறகுதான், அது ஒருகாலத்தில் எவ்வளவு சமமாக நின்றது என்று தெரிந்தது. பின்பட்டையை மாற்றுவது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

அம்பாசிடருக்கு மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதை 1950களின் இறுதியில் செய்யத் தொடங்கி, 2014 மே வரை செய்தது. இந்த வண்டியில் முன்சக்கரங்களைத் தாங்குவது டார்ஷன் பார் என்கிற முறுக்குத் தண்டு. பின்னால் இருப்பது மாட்டுவண்டிக்காரரும் லாரிக்காரரும் பார்த்தவுடன் புரிந்துகொள்கிற பொருள்: பக்கத்துக்கு ஒரு கட்டாக, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய எஃகுப் பட்டைகள்.

எளிய பொருளாகத் தெரிந்தாலும் அது பார்க்கிற வேலை கொஞ்சமில்லை. வண்டியின் எடையைத் தாங்குகிறது. குண்டும் குழியும் மேலே ஏறாமல் வாங்கிக்கொள்கிறது. இந்த இரண்டும் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது வேலைதான் கண்ணுக்குத் தெரியாதது. பின் ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்து வைக்க அம்பாசிடரில் வேறு கம்பியோ கையோ கிடையாது. பின்சக்கரங்கள் சாலையை உதைத்து வண்டியைத் தள்ளுகிற விசை முழுவதும் பட்டையின் முன்கண் வழியாகத்தான் பாடிக்குப் போகிறது. பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் உருண்டுவிடாமல் தடுப்பதும், வளைவில் பக்கவாட்டில் நழுவிவிடாமல் நிறுத்துவதும் அதே பட்டைதான். ஆகவே பட்டை தளர்ந்த வண்டி தாழ்ந்து நிற்பதோடு முடிவதில்லை. அது நேராகப் போவதிலும் சந்தேகம் வந்துவிடுகிறது.

மேலே இருக்கும் நீளமான மெயின் பட்டையின் இரு முனைகளும் சுருட்டப்பட்டுக் கண்களாக இருக்கும். முன்கண் அசையாத இடத்தில் மாட்டப்படுகிறது. பின்கண் ஷேக்கிள் என்ற சின்ன ஊசல் பலகையில் தொங்குகிறது. பாரம் ஏறும்போது வளைந்த பட்டை நிமிர்கிறது. நிமிர்ந்தால் அதன் இரு கண்களுக்கும் இடையிலான தூரம் கூடும். அந்தக் கூடுதலுக்கு இடம் கொடுக்கத்தான் ஷேக்கிள் பின்னால் ஊசலாடுகிறது. கீழே போகப் போகக் குட்டையாகும் மற்றப் பட்டைகள் ஒவ்வொன்றும் தனக்கு மேலிருப்பதன்மேல் வழுக்கியபடி பாரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்த வழுக்கலில் எழுகிற உராய்வு ஓரளவு குலுக்கலை அடக்கவும் செய்கிறது. துரு ஏறினால் வழுக்கல் நின்றுவிடும். அப்போது தனித்தனிப் பட்டைகள் ஒட்டிக்கொண்டு ஒரே முரட்டுக் கட்டையாகிவிடுகின்றன.

இந்த வேலைக்கு நான் நாமக்கல்லைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. லாரிகளே வாழ்வாக இருக்கிற ஊர் அது. பட்டை வேலை அங்கே ஒரு தனிக் கலை. வண்டி உள்ளே நுழையும்போதே மேஸ்திரி அதன் நிற்பைப் பார்த்துவிட்டார். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை இருபுறமும் டேப் பிடித்து அளந்தார். பிறகு கீழே குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு எழுந்து சொன்னார்: “பட்டைக்குப் பலம் எங்கயும் போகலீங்க. வளைவுதானுங்க போயிருச்சு.”

அந்த ஒரு வரியில் இருக்கிற உண்மை பெரிது. பட்டை எவ்வளவு விறைப்பாக இருக்கும் என்பதை அதன் நீளம், அகலம், கனம், எண்ணிக்கை, எஃகின் மீள்தன்மை ஆகியவை முடிவு செய்கின்றன. வருஷங்கள் போவதால் எஃகின் மீள்தன்மை மாறுவதில்லை. மாறுவது உருவம். கோடிக்கணக்கான முறை மடங்கி நிமிர்ந்த பட்டை ஒவ்வொரு பெரிய பாரத்திலும் மீளாத ஒரு துளி வளைவை இழக்கிறது. அந்தத் துளிகள் சேர்ந்ததுதான் வண்டியின் தாழ்ச்சி. தாழ்ந்ததைப் பார்த்து, இது பலவீனமாகிவிட்டது, இன்னும் விறைப்பாக்க வேண்டும் என்று நினைப்பதுதான் நம் இயல்பு. சாலையோரப் பட்டறைகளில் கட்டுக்கு ஒரு பட்டை கூட்டிப் போடும் பழக்கம் அப்படித்தான் வந்தது. வாடகைக்கு ஓடி, டிக்கி நிறைய மூட்டை ஏற்றும் வண்டிக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். வீட்டு வண்டிக்கு அது நோய்க்குப் பொருந்தாத மருந்து.

கனத்தின் கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். ஒரு பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்றபடி கூடும். 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதிலாக 7 மில்லிமீட்டர் போட்டால், வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்தான் என்று தோன்றும். விறைப்போ கிட்டத்தட்ட 59 சதவீதம் கூடிவிடும். அப்படிப்பட்ட கட்டைப் போட்டால் வண்டி உயரமாக நிற்கும், படத்திலும் அழகாக இருக்கும். ஆனால் மேட்டில் சக்கரம் துள்ளிச் சாலையை விட்டு எழும்பும். அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் இல்லை. பாடியே எல்லாம் தாங்குகிறது. பட்டை வாங்காத அடியை, பட்டை மாட்டியிருக்கும் அந்தப் பழைய தகடு வாங்க வேண்டியிருக்கும்.

வளைவு மட்டும் போயிருந்தால் பழைய பட்டைகளையே பட்டறைக்கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைவு ஏற்றலாம். அதுவும் தேர்ந்த கை செய்ய வேண்டிய வேலை. நெருப்பில் காட்டி வளைத்துவிட்டு அப்படியே ஆறவிட்டால் எஃகின் பதம் போய்விடும். இந்த எஃகு சிலிக்கனும் மாங்கனீசும் கலந்தது. செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தி, மறுபடி அளவாகச் சூடேற்றி அதற்குப் பதம் கொடுத்திருப்பார்கள். எங்கள் வண்டியின் கட்டைப் பிரித்தபோது அந்த வழியும் அடைபட்டது. ஒவ்வொரு பட்டையின் நுனியும் தனக்கு மேலிருப்பதில் பள்ளம் அறுத்திருந்தது. மெயின் பட்டையில், பட்டைகளைக் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் துளையை ஒட்டி, மேல்பக்கத்தில், மயிரிழை போல ஒரு விரிசல். பாரத்தில் பட்டை நிமிரும்போது இழுபடுவது அதன் மேல்பக்கம். துளை இருக்கிற இடத்தில் தாங்க இரும்பும் குறைவு. விரிசல் விழுந்தால் தட்டிச் சரிசெய்ய வழியில்லை. புதிய கட்டுதான், அதுவும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி தோள் சாய்ந்து நிற்கும்.

கழற்றும் வேலையை அவசரமில்லாமல் செய்தார்கள். ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கடியில் போகவில்லை. பாடியை ஸ்டாண்டுகளில் நிறுத்தினார்கள். ஆக்சிலுக்குத் தனியாக ஒரு ஜாக்கி கொடுத்து, பட்டையின் மேலிருந்த பாரத்தை எடுத்தார்கள். ஷாக் அப்சார்பரைக் கழற்றி, ஆக்சில் தொங்கிப் பிரேக் குழாய் இழுபடாதபடி பார்த்துக்கொண்டார்கள். கட்டை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டுகள் ஒருமுறை இறுகி நீண்டவை என்பதால் பழையவற்றை ஒதுக்கிவிட்டுப் புதியவை. புதுக் கட்டின் சென்டர் போல்ட் தலை ஆக்சிலின் குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்தார் மேஸ்திரி. அது தவறினால் ஆக்சிலே கோணலாகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வேலை. கண்களிலும் ஷேக்கிளிலும் இருக்கிற ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைப் பையன் இறுக்கப் போனபோது மேஸ்திரி கையைப் பிடித்து நிறுத்தினார். வண்டியைக் கீழே இறக்கி, சக்கரத்தில் முழு எடையும் வந்த பிறகுதான் இறுக்க வேண்டும். பட்டை தொங்குகிற நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கிற நேரமெல்லாம் ரப்பர் முறுகியே இருக்கும், சீக்கிரம் கிழியும். எடையோடு இறுக்கினால் அது ஓய்விலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் சமமாக முறுகும். வெளியே யாருக்கும் தெரியாத இந்தப் பொறுமைதான் நல்ல வேலைக்கும் வெறும் வேலைக்கும் உள்ள தூரம்.

புதுப் பட்டை முதலில் சற்றே உயர்ந்து நின்றது. கொஞ்ச நாள் ஓட்டத்தில் தன் இடத்தில் அமர்ந்தது. சொல்லியிருந்தபடி திரும்பப் போய் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கிக்கொண்டேன். இப்போது விளக்கு சாலையில் விழுகிறது. பின்சீட்டில் உட்கார்ந்த அம்மா, வண்டி மெத்தென்று போகிறது என்றார். உயரமும் மென்மையும் ஒன்றாகத் திரும்பி வந்திருக்கின்றன. விறைப்பைக் கூட்டியிருந்தால் உயரம் மட்டுமே வந்திருக்கும்.

கழற்றிய பட்டைகளில் நல்லவற்றைக் கொல்லர் ஒருவர் கேட்டு வாங்கிப் போனார். திருப்பாச்சேத்தி அரிவாள் முதல் வீட்டு வெட்டுக்கத்திவரை நம் கொல்லர்கள் விரும்பித் தேடுவது இந்தப் பட்டை இரும்பைத்தான். நெருப்பும் பதமும் மாறினால், வளைந்து கொடுத்த அதே எஃகு வெட்டுகிற கூர்மையைத் தாங்குகிறது.

பழையதைப் பழுதுபார்ப்பது என்றால் அதற்குப் புதுப் பலம் ஏற்றுவது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது செய்யப்பட்ட அளவை முதலில் தெரிந்துகொண்டு, அந்த அளவுக்கு அதைத் திருப்பிக் கொண்டுவருவதே பழுதுபார்ப்பு. அந்த அளவைக் கண்ணால் வாசிக்கிறவர்கள் லாரிகளை நம்பித்தான் இன்னும் பட்டறை வைத்திருக்கிறார்கள். அம்பாசிடர்கள் அவர்கள் நிழலில் பிழைக்கின்றன. லாரிகளுக்குக் குறைந்த பட்டைகள் கொண்ட பாரபோலிக் கட்டுகளும், பஸ்களுக்குக் காற்றுப்பைகளும் வந்துகொண்டிருக்கின்றன. பல பட்டைக் கட்டைப் பிரித்து அடுக்கத் தெரிந்த கைகள் இருக்கும்போதே பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் அவர்களிடம் போக வேண்டும். உரிய கூலி கொடுத்து, பக்கத்தில் நின்று பார்த்து, முடிந்தால் வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிப் போக வேண்டும். வண்டியைக் காப்பாற்ற விரும்புகிறவர்கள் அந்த வேலையையும் காப்பாற்றியாக வேண்டும்.