கரிசல் காட்டுப் பூனைக்கண்கள்

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கரிசல் சீமையின் வெயிலைப் பற்றிச் சொல்லாதவர் இல்லை. அதன் இருட்டைப் பற்றிச் சொல்லுகிறவர்கள்தான் குறைவு. செம்மண் பூமியிலாவது இரவு வேளையில் பாதை சற்று வெளுப்பாகத் தெரியும். எங்கள் பக்கத்திலோ மண்ணும் கறுப்பு. தார் ரஸ்தாவும் கறுப்பு. இருமருங்கிலும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலமும் இரவில் கறுப்பு. அமாவாசையை ஒட்டிய நாட்களில், ரஸ்தா எங்கே முடிகிறது, புஞ்சைக் காடு எங்கே ஆரம்பிக்கிறது என்று உள்ளூர்க்காரரே திகைத்து நிற்பதுண்டு.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குச் செல்லும் நான்கு வழிச் சாலையில் இந்தத் திகைப்பு அவ்வளவாக இல்லை. தரையில் பதித்திருக்கும் சிறு கட்டிகள், வண்டி விளக்கின் ஒளி பட்டவுடனே வரிசையாகச் சுடர்விட்டு வழிகாட்டுகின்றன. அந்தப் பெரிய சாலையைவிட்டு இறங்கி, கண்மாய்க் கரையோரம் வளைந்து செல்லும் கிராமச் சாலைக்கு வந்து, அங்கிருந்து அவரவர் வீட்டுக்குப் பிரியும் வண்டிப் பாதையில் திரும்பும்போதுதான் சோதனை ஆரம்பிக்கிறது. எங்கள் வீட்டுக்குத் திரும்பும் முனையில் ஒரு பக்கம் ஓடைப் பாலத்தின் தாழ்ந்த சுவர். மறு பக்கம், கைப்பிடிச் சுவர் இடிந்துபோன பழைய கிணறு. இரண்டுக்கும் நடுவே ஒரு வண்டி நுழையத்தக்க இடமே உண்டு.

பெரிய சாலையில் சுடர்விடும் கட்டிகளின் இரகசியத்தை அறிந்துகொண்டால், அதை நம் வீட்டு வாசலுக்கும் கொண்டு வரலாம். சாதாரணக் கண்ணாடி, தன்மேல் சாய்வாக விழும் ஒளியை வேறொரு பக்கம் தள்ளிவிடும். சுண்ணாம்புச் சுவர் அதை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். ஆனால் மூன்று தளங்கள் ஒன்றுக்கொன்று நேர்க்கோணத்தில் கூடும் மூலையில் விழுந்த ஒளி, மூன்று தளத்திலும் மோதி, வந்த வழியே திரும்பிவிடும். சைக்கிளின் பின் மட்கார்டில் இருக்கிறதே சிவப்பு வில்லை, அதனுள் இத்தகைய நுண்ணிய மூலைகள் நிறைந்திருக்கின்றன. 1969-ஆம் ஆண்டில் சந்திரனில் இறங்கிய அப்பல்லோ 11 வீரர்களும் இதே மாதிரி மூலைக் கண்ணாடிகள் பதித்த ஒரு பலகையை அங்கே வைத்துவிட்டு வந்தார்கள். பூமியிலிருந்து அனுப்பும் லேசர் கதிர் அதில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு சந்திரனின் தூரத்தை அளக்கிறார்கள். சந்திர மண்டலத்துக்கும் சைக்கிளுக்கும் ஒரே தத்துவம்!

இதைச் சாலைக்குக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தில் ஹாலிபாக்ஸ் நகரத்துப் பெர்சி ஷா. இருளில் பூனையின் கண் பளிச்சிடுவதைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை உதித்தது என்று சொல்லுவார்கள். 1934-ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார். ரப்பர் உறைக்குள் கண்ணாடி மணிகளைப் பொருத்தி, சக்கரம் ஏறும்போது அந்த ரப்பரே மணிகளைத் துடைத்துவிடும்படி அமைத்தார். 1939-இல் யுத்தம் மூண்டு, தெரு விளக்குகளையெல்லாம் அணைத்து வைத்த காலத்தில், இந்தப் ‘பூனைக்கண்’ணின் அருமை அந்நாட்டாருக்கு விளங்கிற்று. அவர்களுக்கு யுத்தத்தினால் சில ஆண்டுகள் நேர்ந்த இருட்டு எங்கள் வண்டிப் பாதைகளுக்கு நித்தியப்படி வழக்கம்.

சில வருஷங்களுக்கு முன் என் பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, இரவு எட்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். அச்சு முறிந்த டிராக்டர் டிரெய்லர் ஒன்றை, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று ரஸ்தா ஓரத்தில் விட்டுப் போயிருந்தார்கள். மோட்டார் வண்டிகளின் பின்புறம் சிவப்பு வில்லைகள் இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்லுகின்றன. அந்த டிரெய்லரில் இருந்த வில்லைகள் எந்தக் காலத்திலோ உடைந்துபோயிருந்தன. அண்ணன் உயிர் பிழைத்தார். ஆனால் வலது முழங்கால் மடங்கவில்லை. அவர் அருப்புக்கோட்டையில் கைத்தறி நெய்தவர். மிதியை மிதிக்கக் காலில்லாமல் தறியை விட்டார். டிரெய்லரின் சொந்தக்காரர் கெட்டவர் அல்லர். ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தவரே அவர்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. கண் கண்டு, மனம் உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் இரண்டு விநாடி சென்றால் 34 மீட்டர் போய்விடும். அதற்கப்புறம்தான் வேகம் குறையத் தொடங்கும். தாழ்த்திய விளக்கில் கறுத்த பொருள் தெரியவருவதோ பெரும்பாலும் ஐம்பது மீட்டருக்குள்தான். சுத்தமான ரிப்ளெக்டரோ நூற்றைம்பது மீட்டருக்கு அப்பாலிருந்தே எச்சரிக்கும்.

அந்த விபத்துக்குப் பின் எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்லுகிறேன். கிணற்றுக்கு முதலில் சுவர் எழுப்பினோம்; ஒளி வில்லை சுவருக்கு ஈடாகாது. பிறகு வழிமுனையில் இரண்டு கல்தூண்கள் நட்டு, முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உயரத்தில், அதாவது வண்டி விளக்கின் மட்டத்தில், வெள்ளை ஒளிப்பட்டை ஒட்டினோம். ரஸ்தாவின் இரு திசையிலிருந்து வருவோருக்கும் அது தெரியவேண்டும். பாலச் சுவரின் முனைக்கு மஞ்சள். இதற்கு மேல் போகாதே என்று சொல்லவேண்டிய இடங்களுக்கு, அதாவது கிணற்றுச் சுவருக்கும் வண்டி நிறுத்தும் கொட்டகையின் பின்சுவருக்கும், சிவப்பு. கோடையில் எங்கள் பக்கத்தில் பாதி வீடு முற்றத்தில்தான் உறங்கும். ஆகையால் கயிற்றுக் கட்டில்களின் கால்களிலும் ஒரு துண்டு ஒட்டினேன். “கட்டிலுக்குக்கூடத் திருஷ்டிப் பொட்டாப்பா?” என்று அத்தை சிரித்தார்கள். பேரன் கார் கொண்டு வந்து முற்றத்தில் திருப்பிய இரவுக்குப் பிறகு, தம் கட்டிலுக்கு இன்னும் இரண்டு பொட்டு வைக்கச் சொன்னவர்களும் அவர்களே.

பின்லாந்து தேசத்தில், இருட்டில் நடந்து செல்கிறவர் உடுப்பில் ரிப்ளெக்டர் அணியவேண்டும் என்று சட்டமே போட்டிருந்தார்கள். நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிற பக்தர்கள் பையின் பின்புறம் ஒரு பட்டை ஒட்டிக்கொள்ளலாம். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசும் கையோடு ஒளிப்பட்டையும் சுற்றிவிடலாம். கட்டை வண்டியின் பின்பலகைக்கு இரண்டு சிவப்பு வில்லை போதும். ஆனால் கம்பும் உளுந்தும் ரஸ்தாவில் காயப்போட்டு, சுற்றிலும் அடுக்கிய கற்களை மாலையில் அப்படியே விட்டுப் போகிறோமே, அதற்கு எந்தப் பூனைக்கண்ணும் உதவாது. கல்லை எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும்.

இரவில் ரஸ்தாவில் வெளிச்சம் என்பது வண்டி வைத்திருப்பவனுடைய சொத்தாக இருக்கிறது. நடந்து போகிற கூலியாளுக்கும், மாட்டுக்கும், பழுதாகி நிற்கிற வண்டிக்கும் அதில் பங்கில்லை. அந்தப் பங்கை வாங்கித் தருவதே இந்தச் சிறு வில்லையின் வேலை. மின்சாரக் கட்டணம் கிடையாது, எண்ணெய் கிடையாது. ஆனால் எங்கள் கரிசல் புழுதி ஒரு மாதத்தில் அதன் கண்ணை மூடிவிடும். மழை வந்து கழுவும் என்று நம்பியிருக்கவும் இது மழைச் சீமை அன்று. வெள்ளிக்கிழமை தோறும் வாசல் மெழுகிக் கோலமிடும் வீடுகளில், ஈரத்துணியால் அதையும் ஒரு தரம் துடைத்துவிட்டால் போதும். தெரு விளக்குக்கு மனுப் போட்டுக்கொண்டே இருப்போம். அது வருகிற வரையில், நம் வீட்டு வழிமுனை மற்றொருவருடைய வீட்டு விளக்கை அணைக்காமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.