பல்வலியும் அதன் மௌனமும்

அரபி மொழியில் 'ஸின்னு' என்னும் சொல்லுக்குப் பல் என்றும் பொருளுண்டு. வயது என்றும் பொருளுண்டு. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு இச்சொல்லைக் கற்பிக்கும்போதெல்லாம், "சந்தையில் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயது சொல்கிறார்களே, அதை நினைத்துக் கொள்ளுங்கள்" என்பேன். குர்பானிக்கு ஆடு பிடிக்கத் தந்தையருடன் போய் வந்த பிள்ளைகள் உடனே விளங்கிக் கொள்வர். எல்லாப் பல்லும் முளைத்து முடிந்த பின், பதினேழு பதினெட்டு வயதுக்கு மேல் மெல்லத் தலைகாட்டும் கடைசிப் பல்லுக்கு அரபியில் 'ளிர்ஸுல் அக்லு', அதாவது அறிவின் கடைவாய்ப்பல், என்று பெயர். தமிழிலும் அது ஞானப்பல்லே. அந்த ஞானம் முளைக்கையில் தரும் வேதனையை அனுபவித்தோரே அறிவர்.

பல்லைப் பற்றிச் சொல்லாராய்ச்சி செய்யலாம். பல்வலியைப் பற்றி எழுத, மருத்துவனல்லாத எனக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆயினும் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் என்னைப் போன்றவரிடம், பல்வலிக்காரர்கள் மருத்துவரிடம் செல்லுமுன் வந்து நிற்கிறார்கள். சிலர் ஓதி ஊதச் சொல்லி வருவர். சிலர் மஸ்அலா கேட்டு வருவர்: நோன்போடு பல் பிடுங்கலாமா? பல்லை அடைத்துக்கொண்டால் கடமையான குளிப்பு நிறைவேறுமா? நான் ஓதுவதும் உண்டு, துஆச் செய்வதும் உண்டு, அதன் பின் பல் மருத்துவரிடம் அனுப்புவதும் உண்டு. அனுப்பும்போது, "இன்றே போங்கள்" என்பதா, "இவ்வாரத்துக்குள் போங்கள்" என்பதா என்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா? என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் பின்னாளில் பல் மருத்துவரானார். அவரிடம் கேட்டறிந்ததும், கிதாபுகளில் கண்டதும், ஒரு நோயாளியின் அருகிருந்து பார்த்ததுமே இங்கு நான் எழுதுவன.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் நாட்டின் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ, 'கிதாபுத் தஸ்ரீஃப்' என்னும் 30 பகுதிகள் கொண்ட பெருநூலை இயற்றினார். அதன் இறுதிப் பகுதி அறுவை மருத்துவத்தைப் பற்றியது. பல்லில் படியும் காரையைச் சுரண்டும் கருவிகளையும் பல் பிடுங்கும் குறடுகளையும் அதிலே படம் வரைந்து காட்டியிருக்கிறார். பல்லைப் பிடுங்குவதில் அவசரம் கூடாது, இழந்த பல்லுக்கு ஈடு கிடையாது என்பது அவர் கருத்து. அதனோடு அவர் செய்யும் எச்சரிக்கைதான் என் மனத்தில் தைத்தது. நோயுற்ற பல் ஒன்றாக இருக்க, வலி அதன் அண்டையிலுள்ள நல்ல பல்லில் தோன்றக்கூடும். நோயாளி அதையே காட்டுவார். நாவிதரும் அதையே பிடுங்கி விடுவார். வலியோ அப்படியே இருக்கும். இவ்வாறு நேர்ந்ததைத் தாம் பலமுறை கண்டதாக அவர் எழுதுகிறார்.

இன்றைய மருத்துவமும் இதை அப்படியே ஒப்புகிறது. முகத்தின் ஒரு பக்கத்து மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் உணர்ச்சி தருவன ஒரே நரம்பின் கிளைகள். ஆகையால் கீழ்ப்பல்லின் வலியை மேற்பல்லின் வலியென்று மூளை மயங்குகிறது, காதுவலியென்றும் மயங்குகிறது. சளி பிடித்து மூக்கையொட்டிய எலும்பறைகள் அடைத்துக்கொண்டால் மேல் கடைவாய்ப்பற்கள் யாவும் ஒருசேர வலிக்கும். பற்களில் குற்றமே இராது. இன்னொன்று மிக முக்கியமானது. படியேறும்போதும் சுமை தூக்கும்போதும் கீழ்த்தாடை வலித்து, நெஞ்சில் பாரமும் வியர்வையும் மூச்சுத்திணறலும் கூட வந்தால் அது பல்வலியன்று. இதயம் தாடை வழியாகக் குரல் கொடுக்கிறது. அப்பொழுது பல் மருத்துவரைத் தேடாமல் 108 வண்டியை அழைக்க வேண்டும்.

முன்னோர் சொன்ன யாவும் சரி என்று சாதிக்க நான் வரவில்லை. மேதை இப்னு ஸீனாவே தம் 'அல்கானூன்' நூலில் பற்புழுவைக் கொல்லப் புகைபிடிக்கும் முறையை எழுதி வைத்தார். நம் நாட்டிலும் கண்டங்கத்திரி விதையைப் புகைத்துப் 'பூச்சி' எடுப்போர் இருந்தனர். பூச்சிப்பல் என்ற சொல் அந்நம்பிக்கையின் எச்சமே. பிரான்சு நாட்டுப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட நூலில், தேடிப் பார்த்தும் அப்புழுவைத் தாம் கண்டதில்லை என்றார். 1890இல் வில்லோபி மில்லர் என்பவர், வாயிலுள்ள நுண்கிருமிகள் சர்க்கரையையும் மாப்பொருளையும் புளிக்கச் செய்து அமிலமாக்குகின்றன, அவ்வமிலமே பல்லைக் கரைக்கிறது என்று விளக்கினார். புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. நாம் பல்லிடுக்கில் விட்டுவைக்கும் பேரீச்சம்பழமும் அல்வாவுமே காரணம்.

கரைவது எப்படி வலியாகிறது? பல்லின் மேற்போர்வையான எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதற்கு உணர்ச்சி கிடையாது. அதற்குள்ளே டென்டின், அதற்கும் உள்ளே, பல்லின் நடுவறையில், நரம்பும் இரத்தக் குழாயும் கூடிய மென்மையான பற்கூழ். சொத்தை எனாமலோடு நிற்கும் வரை நமக்கு ஒன்றும் தெரியாது. டென்டினை எட்டியதும் கூச்சம் தொடங்கும். நோன்பு திறக்கையில் ஐஸ் போட்ட நன்னாரி சர்பத் பட்டுச் சுருக்கென்று கூசி, விழுங்கிய உடனே அடங்கிவிட்டால், பற்கூழ் பெரும்பாலும் பிழைத்திருக்கிறது என்று கொள்ளலாம். பல்லை அடைப்பதோடு காரியம் முடியும். சில நாளில் மருத்துவரைக் கண்டால் போதும்.

அதற்கு மாறாக, சூடான நோன்புக் கஞ்சி பட்டுத் தொடங்கிய வலி, கிண்ணத்தைக் கழுவி வைத்த பின்னும் நீங்காது நின்றால், அல்லது ஒன்றும் படாமலே நள்ளிரவில் எழுப்பினால், பற்கூழ் மீளாத அழற்சியில் இருக்கிறது. உடம்பின் வேறிடத்தில் அழற்சி வந்தால் சதை வீங்க இடமுண்டு. இங்கோ நாற்புறமும் கற்சுவர். வீங்க இடமின்றி நெருக்குண்ட கூழ் நரம்பை வதைக்கிறது. படுத்தால் தலைக்கு இரத்த ஓட்டம் மிகுவதால் வலி இரட்டிக்கிறது. தலையணையை உயர்த்திக்கொண்டால் சற்றுத் தணியும். இந்நிலையில் ஓரிரு நாளுக்குள் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். வேர்ச்சிகிச்சை செய்து பல்லைக் காக்க இன்னும் வழியிருக்கிறது.

இனி நிகழ்வதுதான் மக்களை ஏமாற்றுவது. சில நாள் வதைத்த வலி ஒருநாள் தானே நின்றுவிடும். கிராம்புத் தைலம் கேட்டது என்பர், கைராசி என்பர். பற்கூழ் மாண்டுபோனதால் வலியைச் சொல்ல அங்கே நரம்பு மிச்சமில்லை என்பதே உண்மை. கிருமிகளோ சாகவில்லை. வேரின் நுனித் துளை வழியே எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டத் தொடங்குகின்றன. அப்பல்லால் கடித்தால் உயர்ந்து நிற்பதுபோல் தோன்றும். ஈறில் சிறு கொப்புளம் எழுந்து உப்புக் கரிக்கும். பலர் அதையும் பொருட்படுத்துவதில்லை.

எங்கள் பள்ளிவாசல் மோதினார் பொருட்படுத்தவில்லை. ஒரு ஷஃபான் மாதம் முழுவதும் கீழ்க் கடைவாய்ப்பல்லைப் பிடித்துக்கொண்டு திரிந்தவர், ரமளான் பிறை கண்ட அன்று, "வலி போயிருச்சு ஹஜ்ரத், அல்லாஹ் காப்பாத்திட்டான்" என்று மகிழ்ந்தார். இரண்டாம் வாரத்தில் ஒருநாள் ஸுப்ஹுடைய பாங்கு ஒலித்தபோது எனக்குத் திடுக்கிட்டது. குரல் அவருடையதுதான், ஆனால் வாய் நிறைய எதையோ அடக்கிக்கொண்டு சொல்வதுபோல் குழைந்து வந்தது. விரைந்து போய்ப் பார்த்தேன். தாடைக்குக் கீழே இருபுறமும் பலகைபோல் கெட்டிப்பட்டு வீங்கியிருந்தது. வாய் ஒரு விரலளவே திறந்தது. எச்சிலை விழுங்க இயலாமல் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மோதினார் பாய், வலிக்கிறதா?" என்றேன்.

"வலி பெரிசா இல்ல ஹஜ்ரத். முழுங்கத்தான் முடியல. அஸருக்குப் பொறவு போய்க் காட்டிக்கிறேன். நோன்பு இருக்கில்ல?"

வலி பெரிதாக இல்லை! அதுதான் என்னை அச்சுறுத்தியது. நோயாளிக்கு நோன்பைப் பின்னர் நோற்கும் சலுகை பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களிலேயே இருக்கிறது என்பதை அவருக்கு நினைவூட்டி, ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்ததும் அங்கேதான் தெரிந்தது. தாடைக்கடியில் கீறிச் சீழை வெளியேற்றி, பல்லை எடுத்து, நரம்பு வழியே மருந்து ஏற்றினார்கள். கீழ்க் கடைவாய்ப்பற்களின் வேர்நுனி, நாக்கைத் தாங்கும் தசைக்கும் கீழே இறங்கி நிற்பதால், அங்கே கட்டிய சீழ் நேரே கழுத்தினுள் பரவுமாம். நாக்கை மேலே தூக்கி மூச்சுவழியை அடைக்கும் இந்நோயை 1836இல் விவரித்த ஜெர்மானிய மருத்துவர் லுட்விக்கின் பெயராலேயே வழங்குகிறார்கள். மாலை வரை காத்திருந்தால் மூச்சே நின்றிருக்கக்கூடும் என்றார் மருத்துவர். மோதினார் பத்து நாள் மருத்துவமனையில் கிடந்து தேறினார். விடுபட்ட நோன்புகளை ஷவ்வாலுக்குப் பின் களாச் செய்து முடித்தார்.

மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரைகளைப் பற்றியும் ஒரு சொல். சென்ற முறை மிஞ்சிய கிருமிக்கொல்லி மாத்திரை இரண்டை விழுங்கிவிட்டு ஆறுதல் அடைவோர் பலர். மாண்ட பற்கூழுக்கு இரத்த ஓட்டம் இல்லை. இரத்தம் செல்லாத இடத்துக்கு மாத்திரையும் செல்லாது. பல்லைத் திறந்து கழுவியோ பிடுங்கியோ சீழுக்கு வழிவிட்டாலன்றி நோய் தீராது. கிராம்பும் வெதுவெதுப்பான உப்புநீரும் மருத்துவரிடம் போகும் வரைக்குமான ஆறுதல், அவ்வளவே. ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் அப்பினால் ஈறு வெந்துபோகும். பிள்ளைகளுக்கு அதை உட்கொள்ளவும் கொடுக்கலாகாது. பல்வலிக்கென்று புகையிலையை அடக்கத் தொடங்கி, வலி போன பின்னும் புகையிலையை விடமுடியாதவர்களை நான் அறிவேன். கருவுற்ற பெண்கள் பேறு முடியட்டும் என்று பொறுத்துக்கொண்டிருப்பதும் தவறான பழக்கம். கருவுற்றிருப்பதை மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அக்காலத்திலேயே பாதுகாப்பாகச் சிகிச்சை பெறலாம்.

மஸ்அலாக்களுக்கு வருவோம். ஈறை மரத்துப்போகச் செய்யும் ஊசியாலும், பல் பிடுங்குவதாலும் நோன்பு முறியாது. குருதியையோ மருந்தையோ நீரையோ விழுங்கிவிடாமல் காத்துக்கொள்ள வேண்டும் என்பதே பெரும்பாலான உலமாக்களின் தீர்ப்பு. பொறுக்கும் நிலையிலுள்ள சிகிச்சையை இரவுக்கு ஒத்திவைப்பது பேணுதல். பொறுக்காத நிலையில் நோன்பை விடுவதற்கே அனுமதியிருக்கும்போது தயக்கம் எதற்கு? குளிப்பைப் பொறுத்தவரை, வாய் கொப்பளிப்பது ஹனஃபீ மத்ஹபில் ஃபர்ளு, ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத்து. ஆகவே இவ்வையம் பெரும்பாலும் ஹனஃபீ சகோதரர்களுக்கே எழுகிறது. எளிதில் கழற்ற இயலாதவாறு பதிந்த அடைப்பும் உறையும் பல்லின் பகுதியாகவே கருதப்படும், குளிப்புக்கு அது தடையன்று என்று முஃப்திகள் தெளிவாக்கியுள்ளனர். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வைத்துக்கொண்ட வெள்ளி மூக்கு நாற்றமெடுக்கவே, பொன்னால் செய்துகொள்ளுமாறு அண்ணலார் (ஸல்) பணித்தார்கள் என்பது ஹதீஸ். ஆடும் பல்லைப் பொன்னால் கட்டலாமா என்று இமாம் அபூஹனீஃபாவும் அவர் மாணவர் இமாம் முஹம்மதும் கருத்து வேறுபட்டதும் உண்டு. பல்லைக் காப்பாற்றுவது நம் முன்னோர்க்கு இவ்வளவு சிந்தனைக்குரிய காரியமாக இருந்திருக்கிறது.

விளையாட்டில் விழுந்து பிள்ளையின் நிலைப்பல் வேரோடு வந்துவிட்டால், வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்தெடுத்து, அழுக்கிருந்தால் பாலிலோ நீரிலோ ஒருமுறை அலசி, உடனே குழியிலேயே பொருத்தலாம். இயலாவிட்டால் பாலில் இட்டு அரைமணி, மிஞ்சினால் ஒருமணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேர வேண்டும். தேய்த்துக் கழுவினால் வேரிலுள்ள உயிர்ப்படலம் அழிந்துவிடும். பாற்பல்லாயின் திரும்பப் பொருத்தலாகாது. பல் பிடுங்கிய இடத்தில் குருதி நில்லாவிட்டால் சுத்தமான துணியை மடித்து வைத்து, எடுத்தெடுத்துப் பார்க்காமல் இருபது நிமிடம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். அப்படியும் நில்லாவிட்டால் மருத்துவமனைக்கே போக வேண்டும்.

மற்றபடி, கன்னமோ தாடையோ வீங்கினால் அன்றே பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீக்கத்தோடு காய்ச்சல் அடித்தாலும், வாய் திறக்க இயலாவிட்டாலும், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலும், குரல் குழைந்தாலும், வீக்கம் கண்ணை மூடினாலும் கழுத்துக்கு இறங்கினாலும், வலி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிராமல் அந்த நாழிகையே கிளம்ப வேண்டும். சர்க்கரை நோயாளிகளும், புற்றுநோய்க்கு மருந்து எடுப்போரும் இவற்றில் ஒன்றுகூடத் தோன்றக் காத்திராமல் சிறு வீக்கத்திலேயே போய்விடுவது நலம். இரவில் பல் மருத்துவரின் கதவு பூட்டியிருக்கும். அது திறக்கும் வரை திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு எந்நேரமும் திறந்தே இருக்கிறது. போகும்போது, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பல் எப்போது வலித்தது, எப்போது நின்றது என்பதையும் மறவாமல் சொல்லுங்கள்.